உடல்நலச் செயலி, ஏ.ஐ., மரபணுப் பரிசோதனை: சட்டம் உண்மையில் எதைக் காக்கிறது?

"உடல்நலச் செயலிகள், ஏ.ஐ. மருத்துவக் கருவிகள், மரபணுப் பரிசோதனைகள் என்று எல்லாவற்றுக்கும் புதுப்புதுச் சட்டங்கள் வருவதாகப் படிக்கிறேன். நடைமுறையில் என்ன மாறியிருக்கிறது? என் உடலைப் பற்றிய தகவலுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடியிருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சில இடங்களில் குறைந்தும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தகவல் அந்தரங்கமானது என்பதாலேயே சட்டம் அதைக் காக்கும், ஒரு கருவியின் பிழை உயிரைப் பாதிக்கும் என்பதாலேயே சட்டம் அதைச் சோதிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான சட்டங்கள் அப்படி எழுதப்படவில்லை. தகவல் யார் கையில் இருக்கிறது, தயாரிப்பாளர் கருவியைப் பற்றி என்ன சொல்லி விற்கிறார், பரிசோதனை எங்கே நடக்கிறது என்பவற்றைப் பார்த்துத்தான் சட்டம் உள்ளே வருகிறது. சமீபத்திய மாற்றங்களில் எது முன்னேற்றம், எது பின்னடைவு என்பதும் இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கருவிகள். ஒரு மென்பொருள் மருத்துவச் சாதனமா இல்லையா என்பதை முடிவு செய்வது அதன் உத்தேசப் பயன்பாடு, அதாவது தயாரிப்பாளர் அதை எதற்கென்று சொல்லி விற்கிறார் என்பது. மணிக்கட்டில் கட்டும் ஓர் உணர்கருவியை "உங்கள் தூக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று விற்றால் அது நலவாழ்வுப் பொருள், சாதனங்களுக்கான சோதனை அதற்கு இல்லை. அதையே "தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதைக் கண்டறியும்" என்று விற்றால் மருத்துவச் சாதனம். உள்ளே இருக்கும் சிப்பும் கணக்கும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பொது நலவாழ்வுக்கான மென்பொருள் சாதனம் ஆகாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2016-இல் 21ஆம் நூற்றாண்டு சிகிச்சைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

இந்தக் கோடு எவ்வளவு எளிதாக நகரும் என்பதற்கு ரத்த அழுத்தம்தான் அண்மைய சான்று. வூப் என்ற நிறுவனம் தன் கைப்பட்டையில் ரத்த அழுத்தத்தைக் கணித்துச் சொல்லும் வசதியை நலவாழ்வுக்கானது என்று அறிமுகப்படுத்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2025 ஜூலையில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ரத்த அழுத்தத்தை மதிப்பிடுவது இயல்பிலேயே உயர் ரத்த அழுத்தம், தாழ் ரத்த அழுத்தம் என்ற நோய்நிலைகளோடு பிணைந்தது, நலவாழ்வு என்று பெயர் மாற்றினாலும் அது மாறாது என்பது கடிதத்தின் சாரம். விற்பவரின் சொல்லை விட்டுப் பொருளின் செயலைப் பார்த்த அணுகுமுறை அது. அது நீடிக்கவில்லை. 2026 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட திருத்திய நலவாழ்வு வழிகாட்டுதல், உடலைத் துளைக்காமல் ரத்த அழுத்தம் போன்றவற்றை மதிப்பிடும் கருவிகளும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நலவாழ்வுப் பொருளாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. நோயைக் கண்டறியவோ சிகிச்சையை மாற்றவோ பயன்படும் என்று சொல்லக்கூடாது, மருத்துவத் தரமுள்ள அளவீடு என்று உரிமை கோரக்கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை.

ஜூலைக் கடிதம்தான் சரி என்பது என் கருத்து. மணிக்கட்டில் ஓர் எண்ணைப் பார்ப்பவர் அதன் கீழே உள்ள சிறு எழுத்துகளைப் படித்துவிட்டா முடிவெடுக்கிறார்? எண் நன்றாக இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். மாத்திரையைத் தானாகவே நிறுத்துபவரும் உண்டு. அளவீடு தவறாக இருக்கும்போது பாதிக்கப்படுவது உடல்தான், அதற்கு விளம்பர வாசகம் தெரியாது.

மருத்துவருக்கு யோசனை சொல்லும் மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. 2016 சட்டத்தின்படி, அத்தகைய மென்பொருள் ஸ்கேன் படத்தையோ உடல் சமிக்ஞையையோ ஆராயாமல், தன் பரிந்துரையின் அடிப்படையை மருத்துவரே சுயமாகச் சரிபார்க்க வழிசெய்தால், அது சாதனம் அல்ல. 2022-இல் எஃப்.டி.ஏ. இதற்கு இறுக்கமாகப் பொருள் கொண்டது. பல தெரிவுகளைக் காட்டாமல் ஒரே ஒரு பரிந்துரையைத் தருவது சாதனம்தான் என்றது. 2026 ஜனவரித் திருத்தம் அதையும் தளர்த்தியிருக்கிறது. மருத்துவரால் அடிப்படையைச் சரிபார்க்க முடியும் என்பது காகிதத்தில் உண்மையாக இருக்கலாம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு பரிந்துரையையும் தோண்டிப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியமும் உத்தேசப் பயன்பாட்டைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. ஆனால் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்ட மென்பொருளிடம் கூடுதலாகவே கேட்கிறது. 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த மருத்துவச் சாதன ஒழுங்குமுறையின்படி, நோயறிதல் அல்லது சிகிச்சை முடிவுக்குத் தகவல் தரும் மென்பொருள், ஆபத்தின் அளவை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில் அநேகமாக இரண்டாம் வகுப்பிலோ (IIa) அதற்கு மேலோதான் வரும். முன்பு தயாரிப்பாளரே சான்றளித்துக்கொண்ட பல மென்பொருள்களுக்கு வெளியார் தணிக்கை கட்டாயமானது. சான்றளிக்கும் அமைப்புகள் போதாமல் வரிசை நீண்டதால், பழைய சாதனங்களுக்கான கெடுவை 2027, 2028 டிசம்பர் வரை தள்ளவேண்டி வந்தது தனிக் கதை.

அடுத்தது ஏ.ஐ. மருந்தோ கருவியோ ஒருமுறை சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றால், பிறகு விற்கப்படுவதும் அதே பொருள்தான் என்பது ஒழுங்குமுறையின் பழைய அனுமானம். புதிய தரவில் மீண்டும் பயிற்றுவிக்கப்படும் ஏ.ஐ. மாதிரி (மாடல்) அந்த அனுமானத்தை உடைக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது விண்ணப்பம் கேட்டால், தெரிந்த பிழையைத் திருத்துவதுகூடத் தாமதமாகும். கேட்காமல் விட்டால், அனுமதி பெற்ற கருவிக்கும் இன்று மருத்துவமனையில் ஓடும் கருவிக்கும் தொடர்பு மெல்ல அறுந்துபோகும். அமெரிக்கா இதற்கு ஒரு நடுவழியைக் கண்டது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், தயாரிப்பாளர் தன் மாற்றத் திட்டத்தை முன்கூட்டியே சமர்ப்பிக்க அனுமதித்தது. எதை மாற்றுவார், எந்தத் தரவில் சோதிப்பார், எந்த அளவுகோலுக்குக் கீழே போனால் நிறுத்துவார் என்று எழுதி ஒப்புதல் பெற்றுவிட்டால், அந்த வரம்புக்குள் செய்யும் மாற்றங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இதற்கான இறுதி வழிகாட்டுதல் 2024 டிசம்பரில் வந்தது. ஐரோப்பிய ஏ.ஐ. சட்டத்திலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட மாற்றங்களுக்கு இதே போன்ற இடம் இருக்கிறது. இந்தத் துறையில் அண்மையில் நடந்தவற்றுள் உண்மையிலேயே சிந்தித்துச் செய்யப்பட்ட வேலை இது என்பேன்.

ஆனால் எஃப்.டி.ஏ. பட்டியலில் ஏ.ஐ. சாதனங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன என்ற செய்தியைப் படித்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு சாதனத்துக்கு இணையானவை என்று காட்டி அனுமதி பெற்றவை. அந்த வழியில் நோயாளிகளிடம் புதிதாக மருத்துவச் சோதனை நடத்துவது பெரும்பாலும் கட்டாயமில்லை. ஒரு மக்கள்தொகையின் படங்களில் பயின்ற மாதிரி, வேறு ஸ்கேன் இயந்திரமும் வேறு வகை நோயாளிகளும் உள்ள இடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த அனுமதி உங்களுக்குச் சொல்லாது.

ஐரோப்பாவின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. வெளியார் தணிக்கை தேவைப்படும் மருத்துவச் சாதனத்தில் பாதுகாப்புக்கு ஏ.ஐ. பயன்பட்டாலோ, அந்த ஏ.ஐ.யே சாதனமாக இருந்தாலோ, அது உயர் ஆபத்து வகை. பயிற்சித் தரவின் தரத்தைக் காட்டவேண்டும், செயல்பாட்டைப் பதிவு செய்யவேண்டும், மனிதக் கண்காணிப்புக்கு இடம் வைக்கவேண்டும். இந்தக் கடமைகளுக்குச் சட்டம் முதலில் குறித்த நாள் 2027 ஆகஸ்ட் 2. ஆனால் ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் அதை 2028 வரை தள்ள முன்மொழிந்தது. அடுத்த மாதமே, மருத்துவச் சாதனங்களின் மீது ஏ.ஐ. சட்டம் நேரடியாகச் சுமத்தும் கடமைகளைத் தளர்த்தும் முன்மொழிவையும் வைத்தது. ஒரே கருவிக்கு இரண்டு சட்டங்களின்படி இரட்டைக் காகிதவேலை என்ற தொழில்துறையின் புகாரில் நியாயம் உண்டு. அதற்காகப் பயிற்சித் தரவு பற்றிய கேள்வியையே கைவிடுவது தவறு, ஏனென்றால் சாதனச் சட்டம் அதைத் தெளிவாகக் கேட்பதில்லை.

பரிசோதனை நடக்கும் இடத்தை வைத்துச் சட்டம் மாறுவதற்கு ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். ஒரு நிறுவனம் பரிசோதனைக் கருவித்தொகுப்பைத் தயாரித்துப் பல ஆய்வகங்களுக்கு விற்றால், அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. அதைச் சாதனமாகச் சோதிக்கும். அதே பரிசோதனையை ஓர் ஆய்வகம் தானே உருவாக்கித் தன் கூரைக்குள்ளேயே நடத்தினால், எஃப்.டி.ஏ. பல பத்தாண்டுகளாகத் தலையிடாமல் இருந்தது. ஆய்வகத்தின் தரத்தைக் கண்காணிக்க 1988-இன் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு பரிசோதனையின் முடிவு மருத்துவ ரீதியாக ஏதாவது பொருள்படுகிறதா என்பதை அது சந்தைக்கு வருமுன் ஆராய்வதில்லை. சில துளி ரத்தத்திலேயே பல பரிசோதனைகளைச் செய்வதாகச் சொல்லி மோசடியில் முடிந்த தெரானோஸ் நிறுவனம், எஃப்.டி.ஏ.யின் முன்சோதனை இல்லாமல் தன் பரிசோதனைகளை மக்களுக்கு அளிக்க முடிந்தது இந்த இடைவெளியால்தான்.

2024 மே மாதம் எஃப்.டி.ஏ. இந்த விலக்கைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவர இறுதி விதியை வெளியிட்டது. ஆய்வகங்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 31 அன்று டெக்சாஸின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் விதியை முழுவதுமாக ரத்து செய்தது. ஆய்வகம் தரும் பரிசோதனை ஒரு தொழில்முறைச் சேவை, சட்டம் சொல்லும் பொருளில் அது சாதனம் ஆகாது என்பது தீர்ப்பு. எஃப்.டி.ஏ. மேல்முறையீடு செய்யாமல் செப்டம்பரில் பழைய விதிக்கே திரும்பியது. இதன் பின்னணியில் 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் வழக்கில் அளித்த தீர்ப்பு இருக்கிறது. சட்டத்தில் தெளிவில்லாத இடத்தில் துறைசார் அமைப்பின் விளக்கம் நியாயமானதாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கவேண்டும் என்ற 1984-இன் நெறியை அது நீக்கிவிட்டது. 1976-இல் எழுதிய சாதனச் சட்டத்துக்கு எஃப்.டி.ஏ. புதுப்பொருள் காண்பது இனி கடினம். புற்றுநோய்க்கு எந்த மருந்து தருவது என்பதையே ஒரு பரிசோதனை தீர்மானிக்கும் காலத்தில் இந்த வெற்றிடம் எனக்குக் கவலை தருகிறது. அதை நிரப்ப நாடாளுமன்றத்தால்தான் முடியும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்புள்ளியான தகவல். மருத்துவத் தகவலின் தனியுரிமையைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-இல் வந்தது. அது மருத்துவமனை, மருத்துவர் போன்ற சிகிச்சை அளிப்பவர்கள், காப்பீட்டுத் திட்டங்கள், கட்டணக் கணக்குகளைக் கையாளும் இடைநிலை நிறுவனங்கள், இவர்களுக்காக வேலை செய்வோர் ஆகியோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மருத்துவரின் கோப்பில் உள்ள நோய்க்குறிப்பு அதன் பாதுகாப்பில் இருக்கும். அதே குறிப்பை நீங்களே ஒரு செயலியில் தட்டச்சு செய்தால், அந்தப் பிரதிக்கு ஹிப்பா பொருந்தாது.

இந்த ஓட்டையை அடைக்க வேறு கதவுகளின் வழியே முயற்சிகள் நடக்கின்றன. மருந்துத் தள்ளுபடிச் சேவையான குட்ஆர்எக்ஸ் பயனர்களின் மருந்துத் தகவலை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்ததற்காக, கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் 15 லட்சம் டாலர் அபராதத்துடன் நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பயன்பட்டது 2009 முதல் இருந்தும் அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத ஒரு தகவல்கசிவு அறிவிப்பு விதி. உடல்நலச் செயலிகளுக்கும் அது பொருந்தும் என்பதை 2024 ஜூலையில் அமலான திருத்தம் ஐயமின்றி எழுதிவிட்டது. வாஷிங்டன் மாநிலம் யார் கையில் இருந்தாலும் உடல்நலத் தரவைக் காக்கும் தனிச் சட்டத்தை 2024 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. மாதவிடாய்ச் செயலியான ஃப்ளோவின் பயனர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தின் ஜூரி, அந்தச் செயலியிலிருந்து அவர்களின் தகவலைப் பெற்ற மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே கைகொடுத்தது கலிபோர்னியாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதைத் தடுக்க எழுதப்பட்டது. வழக்கறிஞர்களின் திறமை பாராட்டுக்குரியது. ஆனாலும் ஒரு பெண்ணின் மாதவிடாய்த் தகவலைக் காக்க ஒட்டுக்கேட்புச் சட்டத்தைத் தேடிப்போக வேண்டியிருப்பது ஒரு நாட்டின் சட்ட அமைப்புக்கு நல்ல அறிகுறி அல்ல.

ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இங்கே அடிப்படையிலேயே வேறுபடுகிறது. தகவலின் தன்மையைப் பார்க்கிறது. உடல்நலத் தகவல் யாரிடம் இருந்தாலும் அது கூடுதல் பாதுகாப்பு பெறும் சிறப்பு வகை. இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று லிண்டன் மருந்தகம் வழக்கில் காட்டியது. மருத்துவரின் சீட்டு தேவைப்படாத, ஆனால் மருந்தகத்தில் மட்டுமே விற்கக்கூடிய ஒரு மருந்தை இணையத்தில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் வாங்கிய பொருளும் சேர்ந்தாலே அது உடல்நலத் தகவல் என்றது. அதே ஐரோப்பா 2025 மார்ச் 26 அன்று ஐரோப்பிய உடல்நலத் தரவு வெளி என்ற ஒழுங்குமுறையையும் அமலாக்கியிருக்கிறது. 2029 மார்ச் முதல் நோயாளியின் சுருக்கக் குறிப்பும் மின்மருந்துச்சீட்டும் நாடு கடந்து செல்லும். 2031 முதல் ஸ்கேன் படங்களும் ஆய்வக முடிவுகளும் செல்லும். ஆராய்ச்சிக்கு இந்தத் தரவைத் தரும்போது தனிநபரிடம் முன்சம்மதம் கேட்கப்படாது. வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தவோ விளம்பரத்துக்கோ பயன்படுத்துவதற்குத் தடை உண்டு.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்துத்தான் கட்டாயமாகும். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தில் உடல்நலத் தகவல் என்று தனி வகையே கிடையாது. 2011 விதிகளில் மருத்துவப் பதிவுகள் உணர்வுமிக்க தரவாகத் தனியே இருந்தன. புதிய சட்டம் அந்த வேறுபாட்டைக் கைவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெறவழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவும் இதன்மூலம் நீக்கப்படுகிறது. அபராதம் அரசுக்குப் போகும். நோய் வெளியே தெரிந்துபோனவருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

மரபணுத் தகவலில் இந்தச் சிக்கல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடுகின்றன. எச்சில் மாதிரியை வைத்து மரபணுப் பரிசோதனை செய்துதரும் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்த கணினி ஊடுருவல் ஏறத்தாழ 69 லட்சம் பேரைப் பாதித்தது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவு ஏலத்துக்கு வரும் சொத்தாக மாறியது. அது மருத்துவமனை அல்ல என்பதால் ஹிப்பா பொருந்தவில்லை. நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையிலேயே, திவாலானால் தரவு கைமாறலாம் என்ற வரி இருந்தது. மருந்து நிறுவனமான ரீஜெனரான் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. இறுதியில் 23அண்ட்மீயின் இணை நிறுவனர் ஆன் வோஜ்சிக்கி தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. முடிவு மோசமாகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். யார் வாங்குவது என்பதை நிர்ணயித்ததில் பெரும்பங்கு ஏலத்தொகைக்கு இருந்தது என்பது அந்த ஆறுதலைக் குறைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. எச்சில் மாதிரி தராத உங்கள் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் பற்றியும் அது பேசும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008 சட்டமும் வேலைவாய்ப்பு, மருத்துவக் காப்பீடு ஆகிய இரண்டோடு நிற்கிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது.

மரபணுத் தரவை அதன் தன்மைக்காகவே காக்கும் அமெரிக்க விதி ஒன்று 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் மரபணுத் தரவைக் குறிப்பிட்ட சில நாடுகளுக்குக் கைமாற்றுவதை அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அந்த விதி தடுக்கிறது. பெயரை நீக்கியிருந்தாலும் மறையாக்கம் செய்திருந்தாலும் விலக்கில்லை. பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானது என்ற வாதத்தை அரசே ஏற்கவில்லை என்பது இதில் தெளிவாகிறது. ஆனால் அந்த விதியின் நோக்கம் தேசியப் பாதுகாப்பு. உள்நாட்டு வணிகத்தில் தனிமனிதருக்கு அதே தர்க்கம் நீட்டிக்கப்படவில்லை.

மனநல உரையாடல் மென்பொருள்கள் பற்றி ஒரு சொல். இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில், உரிமம் பெற்ற நிபுணர் இல்லாமல் ஏ.ஐ. உளசிகிச்சை அளிப்பதைத் தடை செய்தது. மீறலுக்கு 10,000 டாலர் வரை அபராதம். இது சாதனச் சட்டத்தின் வழியே வரவில்லை, தொழில் உரிமத்தின் வழியே வந்தது. "நான் சிகிச்சை தரவில்லை, பேச்சுத்துணைதான்" என்று சொல்லும் மென்பொருள் இங்கும் நழுவக்கூடும்.

இழப்பீட்டில்தான் பெரிய மாற்றம் வருகிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் பொறுப்புச் சட்டம், ஏ.ஐ. உட்பட மென்பொருளையும் பொருள் என்றே வரையறுக்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும். அதன்பின் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு இது பொருந்தும். மருத்துவரீதியாக உறுதிசெய்யப்பட்ட மனநலப் பாதிப்புக்கும் இழப்பீடு கேட்கலாம். தொழில்நுட்பச் சிக்கலால் குறையை நிரூபிப்பது மிகக் கடினம் என்றால், குறை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். மாதிரியின் உள்ளே என்ன நடந்தது என்று நோயாளியை நிரூபிக்கச் சொல்வது அவரைக் கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவது போன்றது. அந்த அநியாயத்தை இது பெருமளவு நீக்குகிறது.

இவற்றை வைத்து நீங்கள் செய்யக்கூடியது என்ன? ஒரு கருவியை நம்பி மருந்தையோ சிகிச்சையையோ மாற்றும் முன், அது மருத்துவச் சாதனமாக அனுமதி பெற்றதா, எந்தப் பயனுக்காகப் பெற்றது என்று பாருங்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டறிய அனுமதி பெற்ற கைக்கடிகாரத்துக்கு, அது காட்டும் மற்ற எண்களுக்கும் அனுமதி இருப்பதாகப் பொருளில்லை. செயலியின் தனியுரிமைக் கொள்கையில், நிறுவனம் விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ திவாலானாலோ என்ன ஆகும் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். மரபணுப் பரிசோதனை செய்திருந்தால், கணக்கையும் தரவையும் அழிப்பது, சேமித்துவைத்த உயிரிமாதிரியை அழிப்பது, ஆராய்ச்சிக்குத் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். ஒன்றைக் கேட்டால் மற்ற இரண்டும் தாமாக நடந்துவிடும் என்று எண்ணவேண்டாம். ஏற்கெனவே முடிந்துவிட்ட ஆய்வுகளில் சேர்ந்துபோன தரவை எந்தக் கோரிக்கையாலும் மீட்க முடியாது என்பதால், இதைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.